மூலையில் ஓடும் எண்

மூன்றாவது முறையும் மருந்து, தான் ஒட்ட வேண்டிய புரதக் குழியை விட்டு வெளியேதான் போனது. இருபத்தொரு நாள் கணினி இரைந்து இரைந்து ஒவ்வோர் அணுவும் எங்கே நகரும் என்று போட்ட கணக்கு அது. அதைப் படமாக்கி, புரதத்துக்குச் சாம்பல், மருந்துக்குப் பச்சை என்று நிறம் தீட்டியவள் பிதிஷா. இரண்டு நிமிடப் படத்தில் அந்தப் பச்சைப் பொட்டு குழிக்குள் சற்று நேரம் நடுங்கிவிட்டு, நழுவித் தண்ணீருக்குள் போய்விடும்.

ஆய்வு வழிகாட்டி லாஹிரி சார் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று சிங்காரா சமோசா தின்றுகொண்டே பார்த்தார்.

"படம் பிரமாதம். இதைத் திருப்பி ஓட்டு."

"இன்னொரு தடவையா சார்?"

"இல்லம்மா. கடைசிலேர்ந்து ஆரம்பத்துக்கு. மருந்து உள்ள வந்து உக்காரும்ல?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். மனிதன் பின்னால் நடந்தால் குழந்தைகூடச் சிரித்துவிடும். அணுக்களோ எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒரே மாதிரிதான் நடுங்கும். எந்த மேதையாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தைரியம்தான் இந்த மனுஷருக்கு!

"அது ஒட்டவே இல்ல சார். மூணு தடவையும் விட்டுட்டு ஓடுது. இதை நம்பி நாளைக்கு எலிக்குக் குத்துவாங்க, அப்புறம் நோயாளிக்கு."

"அதை அவங்க பாத்துப்பாங்க. மூணு மணிக்கு மருந்துக் கம்பெனிக்காரங்க வராங்க. படத்துல உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன். தீசிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேணாமா?" கதவருகே போனவர் திரும்பினார். "மூலையில நேரம் ஓடுதே, அதை எடுத்துடு. மறந்துடாத."

ஐந்து வருடம்! தங்கை கல்யாணத்தன்றுகூட இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொய் அவருடையது, பெயர் மட்டும் அவளுடையதா? படத்தைப் பின்னோக்கித் திருப்பினாள். பச்சைப் பொட்டு தண்ணீரிலிருந்து வந்து, சமத்தாகக் குழிக்குள் உட்கார்ந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அவளுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

மூலையில் நானோ விநாடிகளைக் காட்டும் எண் மட்டும் பாக்கி. அழிக்கப் போன விரல் நின்றது. பிறகு அந்த எண்ணை மூன்று மடங்கு பெரிதாக்கினாள். நிறத்தை மஞ்சளாக மாற்றினாள்.

மூன்று மணிக்கு அரங்கில் விளக்கை அணைத்தார்கள். லாஹிரி சார் திரைக்கு முதுகைக் காட்டி, விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.

"மருந்து எப்படித் தானா தேடி வந்து உக்காருது பாருங்க! எங்க பிதிஷா செஞ்ச படம்."

எல்லோரும் பச்சைப் பொட்டையே பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

முன்வரிசையில் ஒரு நரைத்த அம்மாள் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பார்வை திரையின் மூலைக்கு நகர்ந்தது. அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன: இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பத்து...