வழியாத கிண்ணம்

என் பேத்தி பாப்பா காய்ச்சலில் போன பிறகு அவளுக்காகக் கொடுக்கும் முதல் தானம். பிக்குகள் கூடத்தில் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். உச்சிப்பொழுது தாண்டினால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதையே சாக்காக வைத்து என் அண்ணன் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

"நீர் வார்க்க உன் மகன் போதும். மருமக உள்ளேயே இருக்கட்டும். அவ அழுது புரண்டா புண்ணியம் போய்ச் சேராது."

"பெத்தவ வார்க்காம யார் வார்க்கிறது? தெருவில போறவனா?"

"எனக்கென்ன. நாலு பேர் சிரிச்சா உன் மானம்தான் போகும்."

என் வீட்டு மானத்தைப் பற்றி எனக்கே பாடம். பாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காத மனிதர்.

நானே உள்ளே போனேன். மருமகள் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைகூட வாரவில்லை.

"எழுந்திரும்மா."

"நான் வரலை அத்தை. வார்த்தா நானே அவளை அனுப்பி வச்ச மாதிரி ஆயிடும்."

"நீ வராட்டி அவர் உன்னைக் கண்டபடி பேசுவார். அதைக் கேட்டுக்கிட்டு நான் சும்மா நிக்கணுமா? எழுந்திரு."

வந்தாள். கூஜாவைக் கையில் கொடுத்தோம். பிக்கு ஓதி முடிப்பதற்குள் முன்னால் வைத்த கிண்ணம் நிரம்பி, கீழே உள்ள தட்டில் நீர் வழிய வேண்டும். நாம் சேர்த்த புண்ணியம் இறந்தவரைச் சேர்வது அப்படித்தான்.

பெரிய பிக்கு ஓதத் தொடங்கினார். அவள் வார்த்த நீர் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது. மருமகள் கூஜாவை நிமிர்த்திவிட்டாள்.

என் மகன் கூஜாவைத் தொட்டான். அவள் விடவில்லை. இந்த வீட்டில் யாரும் பாதியில் நிறுத்தியதில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் அண்ணன், எல்லார் காதிலும் விழும்படி. "கையைப் பிடிச்சுச் சாய்ங்கப்பா."

சாய்ப்பார்களாம். அவள் என்ன தண்ணீர்க் குழாயா, ஆளாளுக்குத் திருக?

நான் மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"அவ கையை யாரும் தொடக் கூடாது. அவளுக்கே மனசு வர்ற அன்னைக்கு வழியட்டும்."

"இது எந்த ஊர் முறை?"

"என் வீட்டு முறை. அண்ணே, நீங்க வாயால பரிமாறினது போதும். போய்ச் சோத்தை எடுத்துட்டு வாங்க."

பெரிய பிக்கு ஓதி முடித்துக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சோறு வாங்கத் தன் பாத்திரத்தை முன்னால் நகர்த்தினார்.

மருமகள் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே கொண்டு போனாள். யாரும் குறுக்கே வரவில்லை. வந்திருந்தால் நான் யாரென்று தெரிந்திருக்கும்.