கால்வாய்க் கரையில் ஒரு கறுப்புக் குழாய்

கால்வாய்க் கரைப் பாதையின் குறுக்கே யாரோ ஒரு கறுப்பு ரப்பர் குழாயை ஆணி அடித்துப் பதித்திருந்தார்கள். ஒரு முனையில் பூட்டிய பெட்டி.

"பேட்டரி சைக்கிள்ல வேகத்தை ஏத்தி ஓட்டுறோம்ல? அதப் பிடிக்கத்தான் இது" என்றான் ஹார்மென். என்னோடு பால்பவுடர் ஆலையில் இரவு வேலை பார்ப்பவன். ஊரே நம்பியது. மாகாண அலுவலகம் எதைப் போட்டாலும் எங்களுக்கு எதிராகத்தான் போடும். எல்லோரும் குழாயைத் தொடாமல் புல்லில் இறங்கிச் சுற்றிப் போனோம். நானும்தான். என்னுடையது சாதா சைக்கிள்.

கரைப் பாதை பாலத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து ஆலை வரை லாரிச் சாலை. போன குளிர்காலத்தில் ஒரு பால் லாரியின் பக்கக் கண்ணாடி, அதே ஆலையில் வேலை பார்க்கும் என் மனைவி வீப்கேயை இடித்துத் தள்ளியது. அவள் முழங்கை இன்னும் நேராகவில்லை. நகரத்துக்கான புதிய சைக்கிள் பாதை எங்கள் கரை வழியாக வந்தால், ஆலை வரை தனித்தடம் கிடைக்கும். அது வராவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பாதை பற்றித் தேவாலயக் கூடத்தில் கூட்டம். ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். திட்ட அதிகாரி சீட்ஸ்கே வரைபடத்தை விரித்தார்.

"கரையில ஆள் நடமாட்டமே இல்லீங்க. அதனால புதுப் பாதை ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போகப்போகுது."

நான் எழுந்தேன். "பொய்க் கணக்கு. யாரு சொல்லிக் குடுத்தது?"

"குழாய் மேல சக்கரம் ஏறுனா பெட்டி எண்ணும், நேரத்தைப் பதியும். அவ்வளவுதான். வேகமெல்லாம் அதுக்குத் தெரியாது."

ஹார்மென் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

வீப்கே என் பக்கம் திரும்பினாள். "நீ எப்படிப் போன?"

"புல்லுல."

"மாடா நீ?"

இன்னொரு வாரம் எண்ணச் சொல்லிக் கெஞ்சினேன். சீட்ஸ்கே ஒப்புக்கொண்டார். அந்த வாரம் ஹார்மென் நண்பகலில் குழாய் மேல் போவதும் வருவதுமாக இருந்தான். பின்னால் தேவாலயப் பாட்டுக்குழுக்காரர்கள் வேறு.

"இறங்குடா! பெட்டி நேரத்தையும் பதியும்டா!" என்று கத்தினேன்.

"உனக்காகத்தான்டா மிதிக்கிறேன், நன்றி கெட்டவனே!"

சீட்ஸ்கே போனில் அழைத்தார். "முதல்ல யாருமே இல்ல. இப்ப மத்தியானத்துல திருவிழாக் கூட்டம். எதைத்தான் நம்புறது?"

தண்டவாளத்தை ஒட்டித் தார் போடத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் முன்பே முடிவானது என்கிறான் ஹார்மென். பாதி ஊர் அதையும் நம்புகிறது.

வீப்கே வேலையை விட்டுவிட்டாள்.