மார்செய்க்கு எட்டு நாள்

சைகோன் பெரிய தபாலாபீசில் விமானத் தபால் ஜன்னலுக்கு நான்தான் ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. காரைக்கால் பிரெஞ்சுப் பள்ளியில் முதல் மாணவன் நான். கப்பலில் வந்திறங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ஆனால் மண்டைக்கனத்துக்குக் குறைவில்லை.

ஒரு வியாழக்கிழமை சௌந்தரம் அக்கா வந்து நின்றார். எங்கள் ஊர்க்காரர். வெள்ளைக்கார வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தே ஒரே மகன் நாகப்பனை ஆளாக்கியவர். சுங்க இலாகா வேலைக்காக பிரான்சிலுள்ள மார்செய் போயிருந்த அவனிடமிருந்து அன்று காலை தந்தி வந்திருந்தது. அவன் தாத்தா பிரெஞ்சுக் குடிமகனாகப் பதிந்துகொண்ட மூலப் பத்திரத்தை அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை இல்லை. நகல் செல்லாதாம்.

"கப்பல்னா ஒரு மாசம். விமானம் நாளைக்கு வெள்ளிக்கிழமை கெளம்புது. பன்னெண்டாயிரம் கிலோமீட்டர், எட்டு நாளாவும். சனிக்கிழமை சாயங்காலம்தான் எறங்கும்" என்றேன். "அனுப்பாதீங்க அக்கா. இருக்கறதே ஒரு பத்திரம். வழியில தொலைஞ்சா உங்க குடும்பத்துக்கே அத்தாட்சி கெடையாது."

"எட்டு நாள்னு யாரு சொன்னது?"

"அறிக்கையிலயே இருக்கே. உய் ழூர், எட்டு நாள்னு."

அக்கா லேசாகச் சிரித்தார். "தம்பி, இந்த வெள்ளக்காரங்க எட்டுன்னா ஏழுதான். ஒரு துரைசானி சனிக்கிழமை துணியக் குடுத்து, உய் ழூர்ல கொண்டாங்கன்னாங்க. நான் எட்டு எண்ணி ஞாயித்துக்கிழமை போனேன். கல்யாணம் நேத்தே முடிஞ்சிபோச்சுன்னு கதவச் சாத்திட்டாங்க. ஒரு வாரத்தத்தான் இவங்க எட்டு நாள்ங்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பிச் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தேன். புறப்பாடு வெள்ளி, சேர்வது வெள்ளி. அதை அங்கே மாட்டியவனே நான்தான். சனிக்கிழமை காலையில் கடிதம் பையன் கைக்குக் கிடைத்துவிடும்.

அக்கா பத்திரத்தை உறையில் போட்டு ஒட்டினார். வழியில் புயல் உண்டு, விமானங்கள் விழுவதும் உண்டு. அது தெரிந்தும் தயங்காமல் உறையை ஜன்னலுக்குள் நீட்டினார். எனக்குத்தான் முத்திரை குத்தும்போது வியர்த்தது.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை கழிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தி வந்தது. சேவகனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு நானே ஓடினேன். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்த அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். 'பத்திரம் சேர்ந்தது. வேலை கிடைத்தது.'

"நெசமாவே எட்டு நாள் ஆயிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"அப்பவும் அனுப்பித்தான் இருப்பேன். போட்டா ஒருவேளை போய்ச் சேரும். என் பெட்டியிலேயே கெடந்தா எம் புள்ளைக்கு எப்படிச் சேரும்?"

நான் சொன்னதைக் கேட்டு அவர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தந்தியை மடித்தேன்.

"இன்னொரு தரம் படி தம்பி" என்றார் அக்கா.

படித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி.