டெஸ்ஸாவை வைத்துக்கொள்ள நாங்கள் எடுத்த படம்

1

கல்லூரி உணவுக்கூடத்தில் பேன்கேக் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதை என்னைப் பிடித்தது. “அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சிற்றூருக்குக் கூடைப்பந்து அணி என்பது...” என்று தொடங்கினேன். பிரசங்கம் போல இருந்தது, கண்ணுகளா. விட்டுவிட்டேன்.

எங்கள் பெண்கள் அணி தேசியப் போட்டியை எட்டியது டெஸ்ஸாவால்தான். இப்போது விதி மாறிவிட்டது, கல்லூரி ஆட்டக்காரிக்குக் காசு கொடுக்கலாம். அவளும் வருடாவருடம் கல்லூரி மாறலாம். அவளை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளத்தான் பேன்கேக் விற்றோம்.

2

“ஒண்ணு அஞ்சு டாலரா? கொள்ளைக்காரா!” என்றார் பயிற்சியாளர் மார்லிஸ்.

“சிரப் சும்மாதானே ஊத்தறேன்? தின்னுட்டுப் போ” என்றார் உரக்கடை வெர்ன்.

பேன்கேக் காசு போதவில்லை. டெஸ்ஸாவின் ஆட்டத்தைப் படமாக்கி இணையத்தில் போட்டால் வெளியூர்க்காரர்களும் கொடுப்பார்கள் என்றார் வெர்ன். ஊரே அதைப் பரப்பியது. எங்களுக்குக் காசு வருவதற்குள், படம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கண்ணில் பட்டுவிட்டது.

[வெர்னை முட்டாளாக்கிவிட்டேனோ? இல்லை. பெருமைப்பட்டார், அவ்வளவுதான்.]

3

“நான் அங்க போனா, அம்மா கறி வெட்டற ஆலையில நைட் ஷிப்டை விட்டுடலாம், கோச்” என்றாள் டெஸ்ஸா. “நீங்க திட்டினாலாவது நல்லா இருக்கும்.”

“எதுக்குத் திட்டணும்? என் சம்பளத்தைவிட உனக்கு அதிகம் தராங்க. போகலேன்னா நானே துரத்துவேன்.”

போனாள். அதே அணியில் ஆடி, அவளோடு ஒரே அறையில் இருந்த ஹேசலை எந்தப் பெரிய கல்லூரியும் கேட்கவில்லை, அவள் இங்கேயே இருக்கிறாள். இனி எங்களிடம் நன்றாக ஆடுகிறவள் இருக்கமாட்டாள். நன்றாக ஆடினால் போய்விடுவாள்.

4

முதல் முடிவு: டெஸ்ஸா தங்குகிறாள். எழுதினேன். ஆலைக்குக் கிளம்பும் அவள் அம்மாவின் முகத்தை எழுத முடியவில்லை. கிழித்தேன்.

இரண்டாவது: பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளைக் காசு கொடுத்து வரவழைத்துத் தோற்கடிப்பது வழக்கம். அந்தக் காசில்தான் எங்கள் அணி வருடம் முழுக்க ஓடுகிறது. இம்முறை அழைத்தது டெஸ்ஸாவின் புதுக் கல்லூரி. ஆட்டம் முடியப்போகிறது, நாற்பது புள்ளி பின்தங்கியிருக்கிறோம். பந்து டெஸ்ஸா கையில். எதிரே, கைகளை விரித்தபடி ஹேசல்.

“போடுடி” என்கிறாள், மூச்சிரைக்க. “பாவம் பாத்தே, கொன்னுடுவேன்.”

டெஸ்ஸா பந்தைத் தூக்கி—

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. போட்டால் வலிக்கிறது, போடாமல் விட்டால் ஹேசலுக்கு அதைவிட அவமானம். பந்து உங்கள் கையில், கண்ணுகளா. எதைச் செய்தாலும் பரவாயில்லை. தோற்பதற்கான காசை நாங்கள் முன்னமே வாங்கிவிட்டோம்.