பூவரசம் வேலி

வேலிக்கு நடுகிற பூவரசங் கதியாலை அவித்தால் கடதாசிக்கு நல்ல கூழ் வரும் என்று பண்டத்தரிப்புக் கடதாசிப் பட்டறையில் முதலில் சொன்னவள் சிவகௌரிதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வேலி வெட்டும்போது கழிகிற தடிகளைத் தாருங்கள் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தாள். மகள் தாரிகாவுக்குச் சீதனமாக வைத்திருந்த அளவெட்டிக் காணிக்கு அடுத்த காணிக்காரர் நமசிவாயம், ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அவரையும் விடவில்லை.

"அதுக்கென்ன தங்கச்சி, எங்கடை நடு வேலியிலையும் கொப்பு வெட்டி அனுப்பிறன்" என்றார் அவர். கொப்பு வெட்டினால் கதியால் திரும்பத் தளிர்க்கும். வருசா வருசம் எல்லாரும் செய்கிறதுதான்.

மறுகிழமை பட்டறை வாசலில் பூவரசு குவிந்து கிடந்தது. தொடைப் பருமன். கொப்பு இப்படியும் பருக்குமா என்று யோசிக்க வேண்டாமா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பட்டை உரித்து, சிறு சிறு சிராயாகக் கொத்தி, கோஸ்டிக் சோடா போட்டு ஒரு பகல் முழுக்க அவித்தாள். கை எரிய எரிய அலசி, இயந்திரத்தில் அடித்துக் கூழாக்கினாள்.

அடுத்த லோட்டோடு வந்த லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரன் ஜெயரூபன் கேட்டான்: "உங்கடை அளவெட்டி வேலி முழுக்க அவிச்சாச்சோ அக்கா? வேரோடை கிளப்ப ரெண்டு நாள் எடுத்தது."

"வேரோடையோ?"

அன்றைக்கே அளவெட்டிக்கு ஓடினாள். வேலி நின்ற இடம் உழுது கிடந்தது. அவள் காணிக்குள் ஏழு முழம் தள்ளிப் புதுச் சீமெந்துத் தூண்கள். கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. தையில் தாரிகாவின் வீட்டுக்கு அத்திவாரம் போட இருந்த காணி. அந்தக் கிணற்றைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டாரே ஓம் என்றார்கள். படுபாவி, சிரித்துச் சிரித்துக் கழுத்தறுத்துவிட்டான்.

கிராம சேவகரான விதானையார் வந்து காணி உறுதியை விரித்துப் பார்த்தார். "வரைபடம் ஒண்டும் இல்லையே. எல்லை பூவரசம் வேலி எண்டுதான் கிடக்கு. வேலி எதிலை நிண்டது?"

"உதிலை" என்று சிவகௌரி உழுத மண்ணைக் காட்டினாள்.

"இல்லை, இதிலை." நமசிவாயம் தூணைத் தட்டினார். "தங்கச்சிதான் கூழுக்கு வேணுமெண்டு கேட்டது. ஊருக்கே தெரியும்."

சிவகௌரிக்கு அழுகை வரவில்லை. தன்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. சாட்சி சொல்ல நின்ற அத்தனை மரத்தையும் தன் கையாலேயே அவித்துக் கொட்டியிருக்கிறாள்.

கோட்டில் வழக்குப் போடச் சொல்லிவிட்டு விதானையார் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

நமசிவாயம் ஆற அமரக் கிணற்றில் வாளியை விட்டு அள்ளினார். "எவ்வளவு நேரமா வெய்யிலுக்கை நிக்கிறாய் தங்கச்சி. எங்கடை கிணத்துத் தண்ணி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

தொண்டை வறண்டு போயிருந்தது. சிவகௌரி தூணுக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள்.