கால்வாயை மடியில் சுருட்டியவர்

இந்திராணியின் அஸ்தி மூன்றாம் முறையும் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஐயம்பேட்டையில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பட்டு நூல் விலை மறுபடி ஏறிவிட்டதே என்பதுதான் அந்த வாரம் தெருவின் கவலை. முதல் முறை ஓரிக்கையில், பாலாற்று மணலைத் தோண்டி, ஊறி வந்த தண்ணீரில் கரைத்தார்கள். மறுநாள் காலை கலசம், கரைத்த அஸ்தியோடு, வாயில் கட்டிய மஞ்சள் துணி நனைந்தபடி, தறிக்குழிக்குள் இருந்தது. இரண்டாம் முறை மாமல்லபுரம் கடலில் கரைத்தார்கள். அங்கிருந்து அது ஷேர் ஆட்டோவில் வந்தது. வண்டிக்காரர் சிவராஜ் பின்சீட்டில் இருந்ததென்று கொண்டுவந்து கொடுத்து, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை ராமேஸ்வரம். அவ்வளவு தூரத்திலிருந்து வர நாளாகும் என்று நினைத்தார்கள். ஆனால் கரைக்கப் போன மகன் குமரகுரு ஊர் திரும்புவதற்கு முன்பே கலசம் வந்து, உப்புப் பூத்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்தது.

இந்திராணியின் கணவர் கலியாணசுந்தரம் பட்டு நெசவாளர். மூன்று முறையும் அவர் கரைக்கப் போகவில்லை, தறியில் இருந்தார். தெரிந்தவர்கள் இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் எங்கும் போகிற ஆளே இல்லை. குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் நெசவாளி நகர வேண்டியதில்லை. அச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து இழுத்து அடிக்க, நெய்த துணி தானாக அவனை நோக்கி வந்து, மடியோரம் இருக்கும் படைமரத்தில் சுருண்டுகொள்ளும். இத்தனை வருஷம் அப்படி உட்கார்ந்ததில் மற்றவையும் அவரிடம் வரப் பழகிவிட்டன. முடிவெட்டுகிறவர் வந்தார். பெண் பார்க்கக்கூட அவர் போகவில்லை, பெண்ணை அழைத்துக்கொண்டு பெண் வீட்டார் வந்தார்கள். வாக்குச்சாவடி அடுத்த வீட்டுக்கே மாறி வந்தது. தாகம் எடுத்தால் தண்ணீர்ச் சொம்பு தரையில் நகர்ந்து வருவதைத் தெருப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். பாங்கு, பள்ளிக்கூடம், மளிகை, சாவு வீடு என்று வெளியே போகிற வேலையெல்லாம் இந்திராணியுடையது. அவள் போவாள், வந்துவிடுவாள். அதைப் பற்றி யாரும், அவள் உட்பட, யோசித்ததில்லை.

கடைசியாக அவள் போனது ஒரு புதன்கிழமை. நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது, காஞ்சிபுரம் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், அதுவரை கேட்காத ஒன்றை வாசலில் நின்று கேட்டாள். "இன்னாங்க, நீங்களும் வர்றீங்களா?" அந்த நேரம் அவர் பெட்னி போட்டுக்கொண்டிருந்தார். புடவையின் உடல் முடிந்து முந்தானை நிறம் தொடங்கும் இடத்தில், ஒவ்வோர் இழையோடும் வேறு நிற இழையை மாட்டுகிற வேலை அது. பாதியில் எழுந்தால் அத்தனையும் கலைந்துவிடும். அவர் தலைதூக்காமல் சொன்னார்: "பெட்னி போட்டுக்கினு இருக்கேன்மா. நீ போயிட்டு வந்துடு." அவள் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். பஸ்கள் வந்தன, போயின. தூங்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாயங்காலம் சிவராஜ் ஆட்டோவை நிறுத்திவிட்டு, "அக்கா, வூட்டுக்கு வர்றியா?" என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. பெட்னி அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஓர் இழைகூட அறவில்லை. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு எங்கோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும்.

ராமேஸ்வரத்திலிருந்து வந்த குமரகுரு வாசற்படியில் கலசத்தைப் பார்த்தான், பையைக் கீழே வைத்தான், பிறகு கத்தினான். ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அப்பாவிடம் அதிர்ந்து பேசாத பிள்ளை. "அம்மா ஒரே ஒரு தடவ கேட்டுச்சு, நீ போகல. இதுக்காச்சும் நீ போப்பா! நீ போனாத்தான் அது போவும்!" தெரு முழுக்கக் கேட்டது. அன்று கலியாணசுந்தரம் தறியில் உட்காரவில்லை.

அது பெருமழை பெய்த வருஷம். பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது, பல காலமாகக் குப்பையும் முள்ளுமாகக் கிடந்த ஊர்க் கால்வாயிலும் தண்ணீர் நிறைந்து போயிற்று. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த தேவசகாயம் தன் தட்டையான படகைக் கால்வாயில் விட்டு, போட்டோ எடுத்துக்கொள்ள வரும் கல்யாண ஜோடிகளுக்கு வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் குமரகுரு போய் அஸ்தி கரைக்கப் படகு கேட்டபோது, கரையிலிருந்து போடுவது கரைக்குத்தான் வரும், நடு ஓட்டத்தில் விட வேண்டும், நானே கூட்டிப் போய் விட்டுவிடுகிறேன் என்றார். இதைக் கேட்ட கலியாணசுந்தரம் தலையை ஆட்டினார். "யாரோ ஓட்டிக்கினு போயி நான் ஒக்காந்துக்கினு இருந்தா அது தறி மாதிரிதான்பா. நானே ஓட்டணும். கத்துக்குடுக்கச் சொல்லு." தேவசகாயத்துக்கு இடுப்புப் பிடிப்பு. ஆகையால் கற்றுக்கொடுக்கும் வேலை, நர்சிங் படித்துக்கொண்டு லீவில் வந்திருந்த அவர் மகள் திரிஷாவுக்கு வந்தது.

முதல் நாளே சங்கடம். கலியாணசுந்தரம் துண்டை எடுத்துத் தோளில் போடுவதற்குள் கால்வாய் அவர் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டது, படகும் திரிஷாவுமாக. அவர் கலசத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஏறினார். மூங்கில் கழியை முன்னால் ஊன்றி, பின்னால் தள்ளிவிட வேண்டும் என்று அவள் செய்து காட்டினாள். அவர் ஊன்றினார். ஆனால் அவர் கைகளுக்கு இழுக்கத்தான் தெரியும், அச்சுப் பலகையை இழுப்பதுபோல் இழுத்தார். படகு அசையவில்லை. கால்வாய் வந்தது. முதலில் கொஞ்சம் நாணல் வந்தது, பிறகு ஒரு மதகு, அதன் மேல் நின்ற கொக்கு, பிறகு துவைக்கிற கல்லும் அதில் துவைத்துக்கொண்டிருந்த பெண்ணும். "இன்னாபா இது, சோப்பு அங்க இருக்குது, நான் இங்க வந்துட்டேன்?" என்று அந்தப் பெண் சத்தம் போட்டாள். வந்த தண்ணீரெல்லாம் அவர் மடியில் நேர்த்தியாகச் சுருண்டது, ஒரு மடிப்புகூட கோணல் இல்லை. மாலையில் அதன் கனத்தில் அவரால் எழுந்திருக்க முடியாமல், திரிஷாவும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிரித்து, கால்வாயைப் பழையபடி நீளமாக விரித்துவிட்டுப் போனார்கள்.

இப்படியே நாட்கள் போயின. மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியது, தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கழி ஊன்றும்போது சேறு தட்டியது. தை பிறந்தால் படகு தரை தட்டிவிடும், அதன் பிறகு எப்போது தண்ணீர் வருமோ, வந்தாலும் அதுவரை இவர் இருப்பாரோ என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கலசத்தின் வாய்த் துணி நைந்துபோயிருந்தது. திரிஷாவுக்கு லீவும் முடியப்போகிறது. அவள் நல்ல பெண், பொறுமைசாலி, ஆனால் ஒருநாள் கழியைப் பிடுங்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், கழிய எங்க ஊனுறீங்களோ அந்த எடத்த வுட்டுட்டுப் போணும். நீங்க அந்த எடத்தையே உங்கள்ட்ட இழுத்துக்கினு இருக்கீங்க."

"வுட்டுட்டுப் போனா அந்த எடம் இன்னாம்மா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது அங்கிள். அது அங்கயே இருக்கும். எங்க போவப்போவுது?"

பெற்ற மகனிடம்கூடச் சொல்லாத புதன்கிழமையை அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். எழுந்து போயிருக்கலாம், இழைதானே, திரும்ப மாட்டியிருக்கலாம் என்றார். வந்துடு என்று சொன்னேனே, அதனால்தான் அவள் வந்து வந்து நிற்கிறாள், ஒருநாளும் என் பேச்சைத் தட்டினவள் இல்லை என்றார். சொல்லிவிட்டு, மடியில் இருந்த தண்ணீரிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை ஊரில் பலருக்குக் கேட்டது. பாவம், பெண்டாட்டி செத்த அன்று அழாத மனுஷன்.

மறுநாளும் அவர் முதலில் பழக்கத்தில் இழுத்துவிட்டு, பிறகு கழியை ஊன்றி, தள்ளினார். படகு போயிற்று. மடியில் சுருண்டிருந்த கால்வாய் பிரிந்து பின்னால் ஓடியது. மதகு தன் இடத்துக்குப் போயிற்று, கொக்கும் போயிற்று, துவைக்கிற பெண் சோப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். நடு ஓட்டத்தில் கழியை மடியில் வைத்து, கலசத்தின் துணியை அவிழ்த்தார். அஸ்தியைத் தண்ணீரில் விட்டபோது அது உடனே கரையவில்லை. ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறது என்று திரிஷாவுக்கே புரிந்தது. நம் வீடுகளில் யாரையும் போ என்று சொல்லி அனுப்பும் வழக்கமில்லை, போயிட்டு வா என்றுதான் சொல்வோம். கலியாணசுந்தரம் வேறு மாதிரி சொன்னார். "நீ வராத இந்திராணி. அங்கயே இரு. நான் வர்றேன்." அதன் பிறகு சாம்பல் கரைந்தது. கலசம் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் வாசற்படியைப் பார்த்துக்கொண்டே இருந்த குமரகுரு அதற்குப் பிறகுதான் அம்மாவுக்காக முழுதாக அழுதான்.

அவர் மறுபடி தறியில் உட்கார்ந்தபோது துணி அவரிடம் வரவில்லை. நெய்த துணி நெய்த இடத்தில் அப்படியே நின்றது. தறிதான் முன்னால் போயிற்று, குழியோடும் அவரோடும். ஒரு புடவை முடிந்தால் தறி ஒரு புடவை நீளம் நகர்ந்திருக்கும். இரண்டாவது புடவைக்கு முன்பக்கச் சுவரை எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவதில் தறி தெருவுக்கு வந்துவிட்டது. கேபிள்காரர் ஒயரை உயர்த்திக் கட்டினார், பெண்கள் கோலத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டார்கள், மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய் போட்டதோடு சரி. தறி நெருங்கும்போது பைக்குகளை நகர்த்திவைக்க எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். யாராவது தண்ணீர்ச் சொம்பு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், சொம்பு தானாகப் போவதில்லை. பண்டிகை மாதங்களில் அவர் வேகமாகவும், ஆர்டர் இல்லாத மாதங்களில் மெதுவாகவும் போகிறார். இப்போது ரேஷன் கடையைத் தாண்டிவிட்டார். அந்தத் திருப்பம் முடிந்தால் பஸ் ஸ்டாப்.

பஸ் ஸ்டாப்பில் இந்திராணி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பெஞ்சு காலியாகவே இருக்கும். எவ்வளவு கூட்டமானாலும் அங்கே யாரும் உட்காருவதில்லை, பையும் வைப்பதில்லை. விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் யாராவது உட்காரப் போனால், ஷேர் ஆட்டோவில் இருந்தபடி சிவராஜ் குரல் கொடுப்பார்: "அங்க ஒக்காராதீங்கபா, ஆள் வந்துக்கினு இருக்காரு."