பத்தாவது கையெழுத்து

சலவை ஆலையின் இஸ்திரி உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வந்த ஆஸ்பத்திரி விரிப்பின் இரண்டு முனைகளையும் ரோஷெல் இழுத்துப் பிடித்தபோது, ஏப்ரனுக்குள் போன் அதிர்ந்தது. மணி பத்தேகால். இந்த நேரத்தில் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? மகளின் பள்ளிக்கூடம்தான்.

"ரோஷெல், நல்லா இருக்கீங்களா?" உதவித் தலைமையாசிரியர் ட்ரென்ட்டின் குரலில் வழக்கம்போல் தேன் ஒழுகியது. "அமாரிக்கு இன்னிக்கு மனசு சரியில்ல போலிருக்கு. வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன். தண்டனைன்னு ஒண்ணும் இல்ல. அவ ரெக்கார்டுல ஒரு கீறல்கூட விழாம நான் பாத்துக்கறேன்."

செப்டம்பரிலிருந்து இது பத்தாவது தடவை. ஒன்பது தடவையும் இவள் அவருக்கு நன்றி வேறு சொல்லியிருந்தாள். போன வாரம் பள்ளி நிர்வாகத்திலிருந்து வந்த கடிதம் கைப்பையில் கிடந்தது. அமாரி ஒன்பது நாள் காரணமில்லாமல் மட்டம் போட்டிருக்கிறாள், பத்தாவது நாள் ஆனால் தாய்மீது வழக்கு என்றது கடிதம். எங்கேயோ தப்பாகப் பதிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

"மறுபடியுமா? இது என்ன சத்திரமா, நெனச்சப்ப வர, நெனச்சப்ப போக?" என்றார் மேஸ்திரி டுவைட். ரோஷெல் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரிக்காற்று காதை அறுத்தது. பள்ளி அலுவலக வாசல் பெஞ்சில் அமாரி, பன்னிரண்டு வயசு, கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, பை மடியில் இருக்க உட்கார்ந்திருந்தாள். அந்த பெஞ்சில் அமாரியைப் போன்ற கறுப்புப் பிள்ளைகளைத் தவிர, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை ரோஷெல் இதுவரை பார்த்ததில்லை.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"சிரிச்சேம்மா."

"சிரிச்சதுக்கா?"

"பக்கத்துல இருக்கற வெள்ளைக்காரப் பொண்ணு ஹேலியும்தான் சிரிச்சா. அவளை 'ஷ்'ன்னாங்க. என்னை வெளிய போன்னாங்க."

கணக்கு டீச்சர் கோவாச் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வேகமாக வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத வெள்ளைக்காரப் பெண். "நான்தாங்க அனுப்பினேன். வாய்ல பழக்கமா வந்துருச்சு. அனுப்பினப்புறந்தான் உறைச்சுது. திருப்பி அனுப்புங்கன்னு ட்ரென்ட் சார்கிட்ட போய்க் கேட்டேன். அம்மாவைக் கூப்பிட்டாச்சுன்னுட்டார்." குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைங்களை வெளிய அனுப்பற நோட்டுல கையெழுத்துப் போடாதீங்க. நோட்டைப் பின்னாடி புரட்டிப் பாருங்க."

வெளியே துரத்தினவளே வந்து காதில் ஓதுகிறாள், இதில் என்ன உள்குத்தோ என்று ரோஷெல்லுக்குத் தோன்றியது. "இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. இதுக்கப்புறம் என்னை வச்சிருப்பாங்களான்னே தெரியாது."

அதையும் ரோஷெல் நம்பவில்லை.

கோவாச்சும் பின்னாலேயே உள்ளே வந்தாள். ட்ரென்ட் நோட்டை மேஜைமேல் தள்ளினார். தேதி, அமாரியின் பெயர், காரணம் எல்லாம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. கையெழுத்து இடம் மட்டும் காலி. ரோஷெல் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். ஒன்பது இடத்தில் அவள் கையெழுத்து. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை மையில் 'தாய் கேட்டுக்கொண்டபடி'. வேலைக்குத் திரும்பி ஓடுகிற அவசரத்தில் ஒருநாளும் அந்தப் பக்கம் கண் போனதில்லை.

"நான் எப்ப சார் கேட்டேன்?"

"அது சும்மா ஒரு வழக்கத்துக்கு எழுதறது, ரோஷெல்."

"மிஸஸ் பெட்டிவேன்னு கூப்பிடுங்க சார்." கடிதத்தை எடுத்து நோட்டின்மேல் வைத்தாள். "கூட்டிட்டுப் போன்னு நீங்க சொல்றீங்க. நானே கேட்டேன்னு எழுதிக்கறீங்க. மட்டம் போட்டான்னு எனக்குக் கடுதாசி வருது."

"குரலை உசத்தாதீங்க."

அவள் உயர்த்தவே இல்லை. ஆனாலும் கதவருகே காவலாள் நிமிர்ந்து நின்றான். ரோஷெல் இன்னும் மெதுவாகப் பேசினாள். "தண்டனைன்னா எழுதிக் குடுங்க. யார் புகார், என்ன தப்பு, எல்லாம் போட்டு. நான் மேல போய்க் கேட்டுக்கறேன்."

ட்ரென்ட் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, பேனாவோடு கோவாச் பக்கம் நகர்த்தினார். "புகார் உங்களோடதுதானே? போடுங்க கையெழுத்து."

இதோ, இவள் வேஷம் கலையப் போகிறது என்று ரோஷெல் அந்தப் பேனாவையே பார்த்தாள். கோவாச்சின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்தாள், வைத்துவிட்டாள்.

"எனக்குப் புகார் எதுவும் இல்ல சார். குழந்தை சிரிச்சா. அவ்வளவுதான்."

ட்ரென்ட் புன்னகையோடு படிவத்தை உள்ளே வைத்தார். "சரி, வகுப்புக்குப் போகட்டும். இன்னிக்கு."

"அந்த ஒன்பது நாள்?"

"அது முடிஞ்சுபோனது. அதை இனிமே மாத்த முடியாது." நோட்டை மூடினார்.

கோவாச்சுக்கு நன்றி சொல்ல ரோஷெல்லுக்கு வாய் வரவில்லை. ஒன்பது நன்றி ஏற்கெனவே வீணாகியிருந்தது. அமாரியோடு வகுப்பு வாசல்வரை நடந்தாள். சுவரில் வரிசையாகக் கோட்டுகள் தொங்கின. உள்ளிருந்து, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் வெக்கை முகத்தில் அடித்தது.

"கோட்டைக் கழட்டி மாட்டுடி. வேர்த்துக் கொட்டும்."

"இருக்கட்டும்மா," என்றாள் அமாரி. "எப்படியும் கூப்பிடுவாங்க."

தன் பேர் ஒட்டியிருந்த காலிக் கொக்கியைத் தாண்டி, பொத்தான் எதையும் கழற்றாமல் உள்ளே போனாள்.